லாஸ் வேகாஸில் 'கிராண்ட் கேன்யன் டூர்' வாங்குகிறீர்களா? எந்த ரிம் என்று எழுதி வாங்குங்கள்

ஊரிலிருந்து அம்மா அப்பாவை லாஸ் வேகாஸுக்கு வரவழைத்து, அவர்களுக்கு 'கிராண்ட் கேன்யன் ஒருநாள் டூர்' போட்டுக் கொடுக்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். லாஸ் வேகாஸை ஒட்டிய ஹெண்டர்சனில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு நடந்தது இது. இதே மாதிரி ஒவ்வொரு சீசனிலும் யாராவது ஏமாறுகிறார்கள்.

மகளுக்கும் மருமகனுக்கும் லீவு கிடைக்கவில்லை. மதுரையிலிருந்து வந்திருந்த பெரியவர்கள் இருவரையும் பஸ்ஸில் அனுப்பிவிடலாம் என்று ஸ்ட்ரிப் என்ற முக்கியச் சாலையில் நடைபாதையை ஒட்டி இருந்த ஒரு டிக்கெட் கடையில் வாங்கினார்கள். கடைக் கண்ணாடியில் பெரிய படம்: சிவந்த பள்ளத்தாக்கு, அதன் ஓரத்தில் உருண்டையான கல் கோபுரம். கீழே 'கிராண்ட் கேன்யன், ஹூவர் டேம், மதிய உணவு' என்று கொட்டை எழுத்து. ஆளுக்கு 119 டாலர்.

படத்தில் இருந்த அந்தக் கோபுரம் டெசர்ட் வியூ வாட்ச்டவர். 1932-ல் கட்டியது, தேசியப் பூங்காவுக்குள் சவுத் ரிம்மின் (பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு) கிழக்குப் பக்கம் இருக்கிறது. பஸ் போனதோ வெஸ்ட் ரிம்முக்கு, அதாவது மேற்கு விளிம்புக்கு. அங்கிருந்து அந்தக் கோபுரத்துக்குப் போக காரில் 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரியவர் நாள் முழுக்க கோபுரத்தைத் தேடியிருக்கிறார். வழிகாட்டியிடம் படத்தைக் காட்டிக் கேட்ட பிறகுதான், "அது வேறு இடம் சார்" என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வந்து ரசீதை எடுத்துப் பார்த்தால், வழவழப்பான தெர்மல் தாளில் நான்காவது வரியில் பொடி எழுத்தில் 'ஜி.சி. வெஸ்ட், ஜி.ஏ.' என்று இருக்கிறது. ஜி.சி. வெஸ்ட் என்றால் கிராண்ட் கேன்யன் வெஸ்ட், ஜி.ஏ. என்றால் ஜெனரல் அட்மிஷன், உள்ளே போக மட்டும். கண்ணாடிப் பாலமான ஸ்கைவாக் அதில் சேராது, அதற்கு அங்கேயே தனியாகக் கட்ட வேண்டியிருந்தது. ரசீதின் கடைசி வரி 'நோ ரீஃபண்ட்'. கடைக்காரர் அந்த நான்காவது வரியைத் தொட்டுக் காட்டி, "எழுதித்தானே கொடுத்தோம்" என்று சொல்லிவிட்டார்.

வெஸ்ட் ரிம் மோசமான இடம் இல்லை. அது ஹுவாலப்பாய் பழங்குடியினரின் சொந்த நிலம். 2007-ல் திறந்த ஸ்கைவாக் பாறை விளிம்பிலிருந்து 70 அடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, கீழே வெகு ஆழத்தில் கொலராடோ ஆறு. குவானோ பாயின்ட்டில் நின்று பார்த்தால் யாருக்கும் மனசு நிறையும். ஆனால் அது தேசியப் பூங்கா இல்லை. பூங்காவின் வருடாந்திர பாஸ் அங்கே செல்லாது. காலண்டரிலும் பாடப்புத்தகத்திலும் பார்த்த அகன்ற பள்ளத்தாக்கு, மேத்தர் பாயின்ட், அந்தக் கல் கோபுரம் எல்லாம் சவுத் ரிம்மில் இருக்கின்றன. ஒன்றின் படத்தைக் காட்டி இன்னொன்றை விற்பதுதான் தப்பு.

கடைக்காரர் என்ன சொன்னாலும், நேரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். லாஸ் வேகாஸிலிருந்து வெஸ்ட் ரிம் சுமார் 130 மைல், காரில் இரண்டரை மணி. சவுத் ரிம் சுமார் 280 மைல், காரிலேயே நாலரை மணி. பஸ் என்றால் வழியில் நிற்கிற நேரமும் சேர்ந்து போகவே ஐந்து மணி நேரத்துக்கு மேல். ஆகவே காலை 7 மணிக்குக் கிளம்பி மாலை 5 அல்லது 6 மணிக்குத் திரும்பும் டூர் சவுத் ரிம்முக்குப் போயிருக்கவே முடியாது. உண்மையான சவுத் ரிம் பஸ் டூர் விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு போய் இரவு 8, 9 மணிக்குத்தான் கொண்டுவந்து விடும். அதில் பள்ளத்தாக்கில் கிடைப்பது மூன்று மணி நேரம், சில சமயம் அதற்கும் குறைவு. முழங்கால் வலி, சர்க்கரை, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டிய பெரியவர்களுக்கு ஒரே நாளில் பத்து மணி நேரப் பஸ் பயணம் ரொம்பவே கொடுமை. முடிந்தால் வார இறுதியில் நீங்களே காரில் கூட்டிப் போய், வழியில் இருக்கும் வில்லியம்ஸ் அல்லது டூசாயன் ஊரில் ஓர் இரவு தங்குங்கள். விடியும் வெளிச்சத்தில் பள்ளத்தாக்கைப் பார்க்கவும் கிடைக்கும்.

சவுத் ரிம்தான் என்று முடிவானால் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு கிராண்ட் கேன்யன் உட்பட 11 தேசியப் பூங்காக்களில் வழக்கமான நுழைவுக் கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாக வாங்குகிறார்கள். விசிட்டர் விசாவில் வந்த அம்மா அப்பா இதில் வருவார்கள். வெளிநாட்டவருக்கான வருடாந்திர பாஸ் 250 டாலர். டூர் விலையில் இந்த 100 டாலர் சேர்ந்திருக்கிறதா, இல்லை பூங்கா வாசலில் பஸ்ஸை நிறுத்திக் கேட்பார்களா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். 'ஆல் இன்க்லூசிவ்' என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

'ஹூவர் டேம்' என்று போட்டிருப்பதிலும் இதே வித்தை. அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது, அணைக்கு எதிரே 2010-ல் திறந்த நெடுஞ்சாலைப் பாலத்தின் நடைபாதையில் 20 நிமிடம். அங்கிருந்து அணை முழுசாகத் தெரியும், படம் எடுக்க அருமையான இடம், கட்டணமும் கிடையாது. ஆனால் 726 அடி உயர அணைக்குள் லிஃப்ட்டில் இறங்கி மின்நிலையத்தைப் பார்ப்பது முற்றிலும் வேறு. அதற்குத் தனி டிக்கெட் வேண்டும். அணைக்குள் சுரங்க வழியாகக் கூட்டிப் போகும் பெரிய டூருக்கு அங்கேயே கவுன்ட்டரில், முதலில் வருபவருக்கு முதலில் என்று கொடுக்கிறார்கள், சீக்கிரமே தீர்ந்துபோகும். ஹெண்டர்சனிலிருந்து அணை 40 நிமிடத்துக்குள்தான், அதனால் ஒரு காலை நேரத்தை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். பஸ் டூரோடு சேர்த்து வாங்க வேண்டிய சமாசாரம் இல்லை இது.

மதிய உணவு: அட்டைப் பெட்டியில் வான்கோழி சாண்ட்விச், ஒரு ஆப்பிள், சிப்ஸ். சைவம் வேண்டும் என்று புக் செய்யும்போதே சொல்லி, முந்தைய நாள் போனில் உறுதி செய்யாவிட்டால் ஆப்பிள்தான் சாப்பாடு. அந்த அம்மா அன்று அதைத்தான் சாப்பிட்டார். புளிசாதமோ சப்பாத்தியோ கட்டிக் கொடுங்கள். தயிர்சாதம் அந்த வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும்.

அடுத்த ஏமாற்று அன்டிலோப் கேன்யன் என்ற குறுகலான பாறைப் பள்ளத்தாக்கு, அரிசோனாவில் பேஜ் ஊருக்குப் பக்கத்தில். இது நவஹோ பழங்குடியினரின் நிலம். 1997 ஆகஸ்ட் 12 அன்று எங்கோ பெய்த மழையில் திடீர் வெள்ளம் புகுந்து 11 பேர் இறந்தார்கள். இன்று அனுமதி பெற்ற நவஹோ வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே இறங்க முடியாது. அதில் அப்பர், லோயர் என்று இரண்டு பகுதிகள் உண்டு, இடைத்தரகர்கள் வெறுமனே 'அன்டிலோப்' என்று விற்பார்கள். அப்பர் என்றால் சமதரையில் நடந்து போய்ப் பார்க்கலாம். லோயர் என்றால் செங்குத்தான இரும்பு ஏணிப்படிகளில் இறங்கி ஏற வேண்டும், சில இடங்களில் தோள் உரசும் அளவுக்கு இடுக்கு. மூட்டு வலிக்காரர்களை லோயரில் கொண்டுபோய் நிறுத்தினால் பாதியில் திரும்பவும் முடியாது, பின்னால் வரிசை நிற்கும். மேலே இருந்து ஒளிக்கற்றை விழும் படம் பார்த்துத்தான் பலரும் ஆசைப்படுகிறார்கள். அது அப்பரில், கோடை மாதங்களில், நடுப்பகலை ஒட்டி மட்டும் கிடைக்கும். நவம்பர் டிக்கெட்டோடு அந்தப் படத்தைக் காட்டினால் அதுவும் ஏமாற்றுதான்.

அன்டிலோப்புக்குச் சொந்தக் காரில் போகிறவர்களின் பணம் பறிபோவது பெரும்பாலும் கடிகாரத்தால். நெவாடா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும், அரிசோனா தள்ளாது. அதனால் கோடையில் இரண்டுக்கும் ஒரே நேரம், குளிர்காலத்தில் அரிசோனா ஒரு மணி முன்னே. அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ நிலம் கோடையில் தள்ளும், ஆனால் பேஜ் ஊர் அரிசோனா நேரத்தில்தான் இயங்குகிறது. லாஸ் வேகாஸிலிருந்து பேஜுக்குப் போகும் வழி யூட்டா வழியாக, செயின்ட் ஜார்ஜ், கானப் தாண்டி. கோடையில் யூட்டா ஒரு மணி முன்னே, அங்கே போன் தானாக மாறும், பேஜ் பக்கம் வந்ததும் எந்த டவரைப் பிடிக்கிறதோ அதன்படி மறுபடி குதிக்கும். குளிர்காலத்தில் நெவாடா கணக்கில் கிளம்பினால் ஒரு மணி தாமதமாகப் போய்ச் சேர்வீர்கள். செக்-இன் நேரம் தவறினால் பெரும்பாலும் பணம் திரும்பாது. கிளம்பும் முன்பே போனில் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, நேர மண்டலத்தை ஃபீனிக்ஸ் என்று கையால் வைத்துவிடுங்கள். பக்கத்திலேயே, ஆறு குதிரை லாடம் போல வளையும் ஹார்ஸ்ஷூ பெண்ட் பார்க்கிங் பேஜ் நகராட்சியுடையது, பூங்கா பாஸ் அங்கேயும் செல்லாது.

டிக்கெட் கடைக்குத் திரும்புவோம். அதே நடைபாதையில் அரை விலைக்கு, அல்லது இலவசமாகவே, ஷோ டிக்கெட்டும் கேன்யன் டூரும் தருகிறோம் என்று கூப்பிடுவார்கள். முதல் கேள்வி 'எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்', அடுத்தது 'கணவன் மனைவி இருவரும் வருவீர்களா'. இந்தக் கேள்விகள் வந்தாலே அது டைம்ஷேர் கூட்டம், அதாவது விடுமுறை விடுதியில் வருடத்துக்குச் சில நாள் தங்கும் உரிமையை விற்கிற கூட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் என்பார்கள், அரை நாள் போகும். ஒரு மேசையில் மறுத்தால் அடுத்த மேசைக்கு வேறொருவர் வருவார், விலை பாதியாகும், 'இன்று மட்டும்' என்பார்கள். கூட வந்த மகனையோ மருமகளையோ கையெழுத்துப் போட வைப்பதுதான் குறி. அப்படி யாராவது போட்டிருந்தால் நேரம் கடத்தாதீர்கள். நெவாடா சட்டப்படி கையெழுத்திட்ட நாளுக்குப் பிறகு ஐந்தாவது நாள் நள்ளிரவு வரை காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். போனில் சொன்னால் போதாது. ஒப்பந்தத்தில் ரத்துக்கென்று கொடுத்திருக்கும் முகவரிக்குக் கடிதமாக எழுதி, அத்தாட்சியோடு தபாலில் அனுப்பி, அந்தத் துண்டுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். விற்றவரையே கூப்பிட்டால் 'திங்கட்கிழமை பேசலாம்' என்று அந்த ஐந்து நாளையும் ஓட்டிவிடுவார்.

டூர் வாங்குவதானால் பணம் கட்டும் முன் ஒரு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ கேட்டு வாங்குங்கள். சவுத் ரிம்மா வெஸ்ட் ரிம்மா, அங்கே எத்தனை மணி நேரம், ஹூவர் டேம் உள்ளேயா பாலத்திலிருந்தா, நுழைவுக் கட்டணம் யார் கட்டுவது, எத்தனை மணிக்குத் திரும்பும். இதற்குப் பதில் எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்கவே வேண்டாம். இந்தியக் கார்டில் கட்டும்போது மெஷின் ரூபாயா டாலரா என்று கேட்டால் டாலரைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் போடும் மாற்று விகிதம் உங்கள் தலையில்தான் விழும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள், கடைக் கண்ணாடியில் இருக்கும் அந்தப் படத்தை இன்றே போய் போட்டோ எடுத்துவிடுங்கள், நாளைக்கு மாற்றிவிடலாம். ரசீதையும் இரண்டு பக்கமும் எடுங்கள், தெர்மல் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிப்போகும். அமெரிக்க கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அந்தத் தொகை முதலில் வந்த ஸ்டேட்மென்ட்டை வங்கி அனுப்பிய 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்து மூலம் புகார் போய்ச் சேர வேண்டும். 'பிடிக்கவில்லை' என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். 'விளம்பரத்தில் காட்டிய இடம் டெசர்ட் வியூ, சவுத் ரிம். கூட்டிப் போனது வெஸ்ட் ரிம்' என்று எழுதி, கடைக் கண்ணாடிப் படத்தையும் ரசீதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள்.