கல்லூரி லேபுக்கு ஆப்டிபிளெக்ஸ் 3060: வாங்கலாம், ஆனால் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. அதற்குப் பிறகு லேபுக்கு செகண்ட் ஹேண்ட் மெஷின் தேடும் கல்லூரிகளின் கையில் உள்ள கொட்டேஷனைப் பிரித்தால், டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060 பெரும்பாலும் அதில் இருக்கும். நல்ல தேர்வுதான். எஸ்எஃப்எஃப் (சின்ன அளவு) கேபினட், ஐ5-8500, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி என்றால் தயங்காமல் எடுக்கலாம். டாலி, ஆபீஸ் மட்டும் ஓடும் காமர்ஸ் லேபுக்கு ஐ3-8100 போதும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ஓட வேண்டுமென்றால் 16 ஜிபிக்குக் குறைய வேண்டாம். இரண்டு ஸ்லாட் இருக்கிறது. மைக்ரோ மாடல் பார்க்க அழகு, ஆனால் அதற்கு லேப்டாப் ரேமும் தனி அடாப்டரும் வேண்டும். லேபுக்கு அது சரிப்படாது.

விலை குறைவு என்று 3050-ஐக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் இருப்பது 6, 7-ஆம் தலைமுறை சிப். விண்டோஸ் 11 ஏற்கும் சிப்களின் பட்டியல் இன்டெலில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. சாக்கெட் எல்ஜிஏ 1151தானே, அப்புறம் ஐ3-8100 வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்பார்கள். முடியாது, 3050-இன் மதர்போர்டு சிப்செட் ஏற்காது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளிலிருந்து லோடு வந்து இறங்கியதும் பணத்தை முழுசாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு மெஷினிலும் ஆன் செய்ததும் எஃப்2 தட்டி, விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங்ஸான பயாஸுக்குள் போங்கள். அட்மின் பாஸ்வேர்டு கேட்டால் திருப்பி அனுப்புங்கள். செக்யூரிட்டி பகுதியில் விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப்பான டிபிஎம் 2.0 ஆன் ஆகிறதா, திருட்டுக் கண்காணிப்பான கம்ப்யூட்ரேஸ் பழைய முதலாளி பெயரில் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நெட் கேபிளை மாட்டியபடியே விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். ஏதோ ஒரு ஐடி கம்பெனியின் பெயரோடு லாகின் பக்கம் வந்தால், அந்த மெஷின் இன்னும் பழைய முதலாளியின் ஆட்டோபைலட் (கம்பெனி மெஷின்களை மைக்ரோசாஃப்டில் பதிந்து வைக்கும் முறை) கணக்கில்தான் இருக்கிறது. ஃபார்மேட் அடித்தாலும் போகாது, ஏனென்றால் அடையாளம் மதர்போர்டோடு ஒட்டியது. அந்தக் கம்பெனியே நீக்கினால்தான் உண்டு. நெட் இல்லாமல் கடைக்காரர் ஓட்டிக் காட்டும் டெமோவில் இது தெரியவே தெரியாது.

விண்டோஸ் செட்டிங்ஸின் ஆக்டிவேஷன் பக்கத்தில் டிஜிட்டல் லைசென்ஸ் என்று வர வேண்டும். நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் என்று வந்தால் அது கேஎம்எஸ், அதாவது கம்பெனியின் சர்வர் தரும் தற்காலிக லைசென்ஸ். அதற்கு 180 நாள்தான் ஆயுள்.

வந்த விண்டோஸ் 10-ஐயே 11 ஆக்குவதானால் டிஸ்க் பழைய பார்ட்டிஷன் முறையான எம்பிஆரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் புதிய முறையான ஜிபிடிக்கு மாற்றிவிட்டு, அதன்பின் பயாஸில் பூட் முறையை யுஇஎஃப்ஐ-க்கு மாற்ற வேண்டும். வரிசை மாறினால் பூட் டிவைஸ் இல்லை என்று நின்றுவிடும். 30 மெஷினுக்கு இதைச் செய்துகொண்டிருப்பதைவிட, ஒன்றைச் சரியாக அமைத்து சிஸ்பிரெப் செய்து (அந்த மெஷினின் தனி அடையாளங்களை நீக்கி), டிஸ்க்கை நகலெடுக்கும் குளோன்ஜில்லாவில் இமேஜ் எடுத்து மற்றவற்றுக்குப் பரப்புவது மேல்.

கொட்டேஷனில் வராத செலவு டிஸ்ப்ளேயில் இருக்கிறது. 3060-இன் பின்பக்கம் டிஸ்ப்ளேபோர்ட்டும் எச்டிஎம்ஐயும்தான். விஜிஏ எல்லா மெஷினிலும் வராது, அது கூடுதல் ஆப்ஷன். நம் லேபுகளில் கிடக்கும் சதுர மானிட்டர்களில் விஜிஏ தவிர வேறு கிடையாது. எல்லாவற்றுக்கும் கன்வர்ட்டரை அதே பில்லில் எழுதி வாங்குங்கள்.

பெரிய குறை கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் வகை எஸ்எம்பிஎஸ் இதில் உட்காராது. அளவும் வேறு, கனெக்டரும் வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் முதலில் அடிபடுவது இதுதான். 20 மெஷினுக்கு ஒன்றாவது உதிரியாக வைத்திருங்கள். யுபிஎஸ் இருந்தாலும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 3 வோல்ட்டைத் தாண்டினால் மெஷினை மாட்டும் முன் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று ரேம் பின்னைப் பிடிக்கும். பவர் பட்டன் ஆரஞ்சு நிறத்தில் 2 முறை, கொஞ்சம் விட்டு 3 முறை மின்னினால் ரேம் தெரியவில்லை என்று அர்த்தம். கழற்றி, பென்சில் ரப்பரால் பின்னைத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும். தையில் சம்பா அறுவடை முடிந்ததும் ஃபேனை ஒருமுறை ஊதிவிடுங்கள். வயலை ஒட்டிய கட்டடங்களில் வைக்கோல் தூசி ஹீட்சிங்க்கில் கம்பளி மாதிரி அடைந்திருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் மாற்றக் காசில்லையென்றால், கல்வி நிறுவனங்களுக்கு வால்யூம் லைசென்ஸில் விண்டோஸ் 10-க்கு நீட்டிப்பு உண்டு. மெஷினுக்கு முதல் வருஷம் 1 டாலர், அடுத்து 2, மூன்றாவது 4. 2028 அக்டோபரோடு சரி. சி, பைத்தான், ஜாவா மட்டும் நடக்கும் லேபுக்கு அதுவும் தேவையில்லை, உபுண்டு 24.04 போட்டு 2029 வரை ஓட்டலாம். கேனன் எல்பிபி2900 பிரிண்டர் மாட்டியிருக்கும் மெஷினை மட்டும் விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள், லினக்ஸில் அதன் டிரைவரோடு மல்லுக்கட்ட நேரம் போதாது.