ரீஸ்டார்ட் யார் கையில்? ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கான நான்கு அப்டேட் வழிகள்

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாயன்று மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு அப்டேட் வருகிறது. இந்திய நேரப்படி இரவு 10:30, அமெரிக்காவில் குளிர்காலமென்றால் 11:30. புதன் காலை ஆபீஸ் திறந்ததும் எல்லா மெஷினும் ஒன்றாக அதை இறக்க (டவுன்லோட் செய்ய) தொடங்கும். இறக்குவதைச் சமாளித்துவிடலாம். தலைவலி ரீஸ்டார்ட்தான். அதை எந்த நேரத்தில், யார் முடிவு செய்வது என்பதில்தான் கீழுள்ள நான்கு வழிகளும் பிரிகின்றன. 20 முதல் 100 விண்டோஸ் கம்ப்யூட்டர் உள்ள ஆபீஸை மனதில் வைத்தே இந்த அலசல்.

அப்படியே விட்டுவிடுவது

எதையும் தொடாவிட்டால் விண்டோஸ் ‘ஆக்டிவ் அவர்ஸ்’ என்ற வேலை நேரத்தைத் தவிர்த்து, பெரும்பாலும் இரவில் ரீஸ்டார்ட் செய்யப் பார்க்கும். இந்த நேரத்தை நாமே வைத்தால் அதிகபட்சம் 18 மணி நேரம். இரவிலும் மெஷினுக்குக் கரண்ட் இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்த ஏற்பாடு இது. நம் ஆபீஸ்களில் கடைசியாகக் கிளம்புபவர் யூபிஎஸ் சுவிட்சையும் சேர்த்து அணைத்துவிட்டுப் போகிறார். அப்டேட் பாதியில் அறுந்தால், காலையில் திரை மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லிக்கொண்டு நிற்கும். பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்தினால் கதை மறுபடி முதலிலிருந்து. மாலையில் ‘அப்டேட் அண்ட் ஷட்டவுன்’ கொடுத்து, மெஷின் தானாக அணைந்த பிறகே சுவிட்சைத் தொட வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்தப் பழக்கம் தேவை.

விண்டோஸ் ஹோம் உள்ள லேப்டாப்பில், விண்டோஸின் அமைப்புகளை விதிகளாக வைக்க உதவும் குரூப் பாலிசி எடிட்டர் கிடையாது என்பதால், அதற்கு இந்த முதல் வழிதான் கதி. ஆபீஸுக்கு வாங்கும்போதே ப்ரோ கேட்டு வாங்குங்கள்.

சொந்த அப்டேட் சர்வர் (டபிள்யூசஸ்)

ஒரு சர்வர் ஒரே முறை இறக்கி எல்லாருக்கும் பகிரும். நீங்கள் அனுமதித்த அப்டேட் மட்டும் போகும். இன்டர்நெட்டே இல்லாத தொழிற்சாலை நெட்வொர்க்குக்கு இன்றும் இதுதான் பொருத்தம். மற்றவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. இதில் இனிப் புதிய வசதிகள் சேராது என்று மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது.

பராமரிப்பும் லேசல்ல. பழைய அப்டேட்களை மாதாமாதம் டிக்ளைன் (நிராகரிப்பு) செய்து துப்புரவு செய்யாவிட்டால் டேட்டாபேஸ் பெருத்துவிடும். இது ஓடும் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸில், இதன் வேலையை நடத்தும் அப்ளிகேஷன் பூலுக்கு இயல்பாக உள்ள மெமரி வரம்பு 18,43,200 கேபி. அது போதாமல் பூல் நின்றுவிட்டால் கிளையன்ட்களில் (சர்வரோடு இணைந்த மெஷின்களில்) 80244022 என்று முடியும் எரர் வரும். வரம்பை 4 முதல் 8 ஜிபி வரை ஏற்றினால் பெரும்பாலும் சரியாகும். ஒரே இமேஜிலிருந்து (விண்டோஸின் முழு நகல்) குளோன் செய்த மெஷின்கள் ஒரே அடையாள எண்ணோடு வந்து, பட்டியலில் ஒன்று தெரிந்தால் இன்னொன்று மறையும். அப்டேட்டை அனுமதிக்கும்போது கடந்துபோன தேதியைக் கெடுவாகக் கொடுத்துவிட்டால், கிளையன்ட்கள் கண்டதும் நிறுவி உடனே ரீஸ்டார்ட் ஆகும்.

குரூப் பாலிசியில் கெடு வைப்பது

சர்வர் வேண்டாம், தனிக் கட்டணமும் இல்லை. ப்ரோ உள்ள மெஷினில் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்து, அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குப் போனால் எல்லாம் அங்கேயே இருக்கும். எல்லா மெஷினையும் ஒரு சர்வரின் கீழ் இணைக்கும் டொமைன் இருந்தால் ஒரே இடத்தில். இல்லாவிட்டால் ஒவ்வொரு மெஷினாகச் செய்ய வேண்டும். மாதாந்திர அப்டேட்டை 30 நாள் வரையும், பதிப்பு மாற்றத்தை 365 நாள் வரையும் தள்ளலாம். ரீஸ்டார்ட்டுக்குக் கெடு, அதற்கு மேல் சலுகை நாள் என இரண்டும் தனித்தனியாக உண்டு.

எத்தனை நாள் என்பதைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டாவது செவ்வாய் எப்போதும் 8 முதல் 14 தேதிக்குள் விழும். பலரும் சொல்வதுபோல் 7 நாள் தள்ளி 3 நாள் கெடு வைத்தால், கட்டாய ரீஸ்டார்ட் 18 தேதியிலிருந்து 24, 25 வரை எங்கும் விழலாம். ஜிஎஸ்டி கணக்கை மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்குக் கடைசி நாள். அக்கவுன்ட்ஸ் மெஷின்களுக்கு ஒத்திவைப்பு 1 நாள், கெடு 2 நாள், சலுகை 1 நாள் என்று வையுங்கள். புதன் இரவு ஒத்திவைப்பு முடியும், வியாழன் காலை மெஷின் அப்டேட்டைக் கண்டுபிடிக்கும், சனிக்கிழமை கெடு. அதாவது 12 முதல் 18க்குள். இன்னொரு படிவமான ஜிஎஸ்டிஆர்-1க்கான 11ஆம் தேதிக்கும் 20க்கும் நடுவில் அடங்கிவிடும். கெடுவுக்கு முன்னால் தானாக ரீஸ்டார்ட் வேண்டாம் என்ற தேர்வையும் அதே அமைப்பில் டிக் செய்யுங்கள். கெடு தாண்டினால் வேலை நேரம் என்றும் பார்க்காது. இதை ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு மூன்று மெஷின்களை ஒத்திவைப்பே இல்லாமல் விட்டு, பிரின்டர், டேலி, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் மூன்றையும் புதன்கிழமையே சோதியுங்கள். டேலி டேட்டா பகிரும் மெஷினைக் கெடுவுக்கு விடாமல், எல்லாரும் வெளியேறிய பின் கையாலேயே ரீஸ்டார்ட் செய்யுங்கள். அது விழுந்தால் மற்ற எல்லாரும் விழுவார்கள்.

‘லாகின் செய்தவர் இருந்தால் ரீஸ்டார்ட் வேண்டாம்’ என்ற அமைப்பை மட்டும் நம்பாதீர்கள். யாரும் லாக் ஆஃப் செய்வதில்லை, திரையைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள்; அப்டேட் வாரக்கணக்கில் தொங்கும். 2017 மார்ச் 14 அன்றே அதற்கான அப்டேட் வந்திருந்தும், மே 12 அன்று வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் அத்தனை மெஷின்களை முடக்கியதற்கு, அப்டேட் ஏறாமலே கிடந்தது ஒரு முக்கியக் காரணம்.

இந்த வழியையும் டபிள்யூசஸையும் ஒரே மெஷினில் கலந்தால், சர்வரை விட்டுவிட்டு மெஷின் நேரடியாக இன்டர்நெட்டில் தேடப் போய்விடக்கூடும். இன்டர்நெட் மெதுவென்றால் டெலிவரி ஆப்டிமைசேஷனை இயக்கி, ஃபயர்வாலில் 7680 போர்ட்டைத் திறந்து விடுங்கள். மெஷின்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும்.

இன்ட்யூன், ஆட்டோபேட்ச்

இவை மெஷின்களை நிர்வகிக்க மைக்ரோசாஃப்ட் தரும் கிளவுட் சேவைகள்; மேலே சொன்ன அதே கெடுக்களை ஆபீஸுக்கு வராத லேப்டாப்களுக்கும் கிளவுடிலிருந்து அனுப்பலாம். இதன் உண்மையான லாபம் ஹாட்பேட்ச். விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் 24ஹெச்2 பதிப்பு முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் மட்டும் ரீஸ்டார்ட் கேட்கும். இடைப்பட்ட மாதங்களின் பாதுகாப்பு அப்டேட் ரீஸ்டார்ட் இல்லாமலே ஏறும். லைசென்ஸ் ஏற்கெனவே இருந்தால் யோசிக்காமல் இதற்கு மாறலாம். இதற்காகவே வாங்குவதென்றால் 40 மெஷின் ஆபீஸுக்கு மூன்றாவது வழியே போதும்.

இவை நான்கும் விண்டோஸ் அப்டேட்டுக்கு மட்டுமே. 2024 ஜூலை 19 அன்று சுமார் 85 லட்சம் மெஷின்கள் விழக் காரணம் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய கோப்பு. அது இந்த வழிகள் எதிலும் வரவில்லை. பெரும்பாலான மெஷின்களை ஒவ்வொன்றாகச் சேஃப் மோடில் திறந்துதான் சரிசெய்ய வேண்டியிருந்தது. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்த இடங்களில் அதற்கு 48 இலக்க ரெக்கவரி கீயும் தேவைப்பட்டது. மெஷினைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸுக்கு அப்டேட் ஏறிய பிறகும் சில லேப்டாப்கள் அதே கீயைக் கேட்கும். எந்த அமைப்பையும் மாற்றும் முன் ஒவ்வொரு மெஷினின் கீயையும் எடுத்து, அந்த மெஷினுக்கு வெளியே பத்திரப்படுத்துங்கள்.