ஓரத்தில் அதிர்வா, நடுக்கோட்டில் அதிர்வா?

அமெரிக்கக் கிராமப்புற இருவழிச் சாலைகளில் ரம்பிள் ஸ்ட்ரிப் (டயர் ஏறினால் அதிரும் பள்ளப் பட்டை) இரண்டு இடங்களில் வரும்: சாலையின் ஓரத்தில், அல்லது நடுக்கோட்டின் மேல். வெட்டும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். தாரில் அரை அங்குல ஆழம், 7 அங்குல அகலத்தில் வரிசையாகப் பள்ளங்கள். டயர் ஏறியதும் ஸ்டியரிங் நடுங்கும், காருக்குள் ‘டர்ர்ர்’ என்று சத்தம் எழும். கண் சொருகியவரும் விழித்துக்கொள்வார்.

ஓரப் பட்டை, வண்டி சாலையை விட்டு இறங்கிக் கவிழாமல் இருக்க. நடுப் பட்டை, நேருக்கு நேர் மோதாமல் இருக்க. 2009இல் வந்த என்சிஎச்ஆர்பி (அமெரிக்க நெடுஞ்சாலை ஆய்வுத் திட்டம்) 641ஆம் அறிக்கைப்படி, சாவிலோ காயத்திலோ முடியும் விபத்துகள் முன்னதில் 29%, பின்னதில் 44% குறைந்தன. ஆனால் அவை வெவ்வேறு வகை விபத்துகள். சதவீதத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது.

ஓரப் பட்டையின் பெரிய தலைவலி சைக்கிள்காரர்கள். ஓரம் குறுகலாக இருந்தால் அவர்களுக்குப் போக இடமே இல்லை. அதனால்தான் 40 முதல் 60 அடிக்கு ஒருமுறை 10–12 அடி வெட்டாமல் விடச் சொல்கிறார்கள். நடுப் பட்டையில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் முந்துகிற வண்டியெல்லாம் அதை மிதித்துத்தான் போகும். சாலையோர வீட்டுக்காரர்களின் தூக்கம் போச்சு!

ஓரம் குறுகல், எதிரே லாரிகள் அதிகம், பணமோ ஒன்றுக்குத்தான் என்றால் நான் நடுக்கோட்டுக்கே ஒதுக்குவேன்.