விலங்கு அட்டைக் கட்டு: வாங்கலாம், கையில் ஒரு ஸ்கெட்ச் பேனாவும் வேண்டும்

காட்பாடியில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். நாலாவது, ஐந்தாவது பிள்ளைகளுக்காக வேலூர் லாங் பஜாரில் ஒரு ஸ்டேஷனரி கடையில் இந்தக் கட்டை வாங்கினேன். 220 சொன்னார்கள், 180-க்குக் கொடுத்தார்கள். முன்பக்கம் படம். பின்பக்கம் எந்த வகை, என்ன தின்னும் என்ற விவரமும், அழியும் நிலையைக் காட்டப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று ஒரு புள்ளியும்.

வகை பிரித்திருப்பது அருமை. எறும்புத்தின்னியைப் பாலூட்டி என்று போட்டிருப்பதைப் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவே இல்லை. "உடம்பு பூரா செதில் இருக்கு மிஸ், பல்லி ஜாதிதான்" என்று ஒரே சண்டை. அந்தச் செதிலும் நம் நகமும் கெரட்டின் என்ற ஒரே பொருள்தான், அது குட்டிக்குப் பால் கொடுக்கும் என்று சொன்ன பிறகுதான் அடங்கினார்கள். இப்படி வாதம் கிளப்பினாலே போட்ட காசு வந்துவிட்டது.

உணவு விஷயத்தில் கொஞ்சம் அசட்டை. மயிலைத் தாவர உண்ணி என்று எழுதியிருக்கிறார்கள். அமிர்தி பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். நெல்லையும் கொத்தும், ஓணானையும் குட்டிப் பாம்பையும் விழுங்கும், அது அனைத்துண்ணி.

புள்ளிகள்தான் ரொம்பப் பழசு. பாண்டாவுக்குச் சிவப்பு வைத்திருக்கிறார்கள். எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று உலக அளவில் பட்டியலிடும் ஐயுசிஎன் அமைப்பு 2016-லேயே அதை 'அருகிய இனம்' என்பதிலிருந்து 'அழிவாய்ப்பு இனம்' என்று ஒரு படி தளர்த்திவிட்டது. சிவிங்கிப்புலி (சீட்டா) அட்டையில் 'இந்தியாவில் இல்லை' என்றிருக்கிறது. 1952-ல் அப்படி அறிவித்தது சரி. ஆனால் 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்களே! இரண்டையும் நானே பேனாவால் திருத்திவிட்டேன்.

வெண்முதுகுப் பாறுக்கு (பிணந்தின்னிக் கழுகு) சிவப்பு சரிதான், ஆனால் காரணம் ஒரு வரிகூட இல்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்து செத்த மாட்டின் உடம்பில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். வீட்டில் மாடு வளர்க்கும் பிள்ளைகள் இதை வாய் திறந்து கேட்டார்கள். எழுத அட்டையில் இடமும் இருக்கிறது, பாதிப் பக்கம் காலி.

எனக்குப் பெரிய குறை வேறு. பெங்குயினில் இரண்டு அட்டை, கங்காரு ஒன்று. நம் ஜவ்வாது மலைக் கரடி இல்லை. அதுவும் அழிவாய்ப்பு இனம்தான். ஜமுனாமரத்தூரில் பாட்டி வீடு உள்ள ஒரு பெண், அது கரையான் புற்றைத் தோண்டி உறிஞ்சும் சத்தத்தை வகுப்பில் செய்தே காட்டினாள். அவளையே ஒரு அட்டை வரையச் சொல்லி, கட்டில் சேர்த்துவிட்டேன்.

அட்டை நல்ல கனம், லேமினேஷன் மட்டும் மூலையில் உரிகிறது. டப்பா சீக்கிரம் கிழிந்துவிடும், ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். ஒன்றாவது, இரண்டாவது பிள்ளைகளுக்கு வேண்டாம், எழுத்து ரொம்பப் பொடி.