கல்யாண வரிசைக்குக் குத்துவிளக்கு: பட்டறைக் கடையா, பெரிய பாத்திரக் கடையா, இணையமா?

அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் வரிசையில் ஐந்து முகக் குத்துவிளக்கு ஒரு ஜோடி வைப்பது என்று சித்திரையிலேயே முடிவு செய்துவிட்டோம். எங்கே வாங்குவது என்று தீர்மானிக்கத்தான் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. திருச்சி பெரிய கடைவீதியில் இருக்கும் பாத்திரக் கடைகள், இணையக் கடைகள், பூம்புகார் விற்பனை நிலையம், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நாச்சியார்கோயிலில் பட்டறையை ஒட்டியே இருக்கும் சின்னக் கடைகள் என நான்கையும் பார்த்தேன். கடைசியில் வாங்கியது நாச்சியார்கோயிலில். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அழகு, ரகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய கடையில் ஐம்பது ஜோடி வரிசையாக நிற்கும், இணையத்தில் நூற்றுக்கணக்கில் பார்க்கலாம், பட்டறைக் கடையில் பத்துப் பதினைந்துதான் இருக்கும். அதிகம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பவர்களுக்குச் சின்னக் கடை சரிப்படாது.

விலையை ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடைவீதியிலும் நாச்சியார்கோயிலிலும் பித்தளை விளக்கு கிலோக் கணக்கில்தான். இணையத்தில் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. 24 அங்குலம் என்று போட்ட இரண்டு விளக்குகளை எடையோடு சேர்த்துப் பார்த்தேன், ஒன்று மூன்றேகால் கிலோ, இன்னொன்று நாலரைக் கிலோ. உயரம் ஒன்றுதான், உள்ளே இருக்கும் பித்தளைதான் வேறு. எனக்குச் சொன்ன விலை பெரிய கடையில் கிலோ 1,250 ரூபாய், பட்டறைக் கடையில் 1,100. செம்பும் துத்தநாகமும் ஏறி இறங்குவதைப் பொறுத்து இது மாறிக்கொண்டே இருக்கும், அதனால் இந்தத் தொகையை அப்படியே நம்பிப் போகாதீர்கள். எங்கே வாங்கினாலும் எடையைக் கேட்டு, கிலோவுக்கு என்ன விழுகிறது என்று கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஜோடிக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மிச்சமாகலாம். அதற்காக மட்டும் கும்பகோணம் வரை போகத் தேவையில்லை.

நான் போனதற்குக் காரணம் வேறு. பரிசாகக் கொடுக்கும் பொருளை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. வாங்கும் நாள் ஒன்று, அவர்கள் பிரித்துப் பயன்படுத்தும் நாள் வேறொன்று. நடுவில் ஒரு மாதம் போகலாம், ஆறு மாதமும் போகலாம். குறை இருந்தால் அது நமக்குத் தெரியாது, வாங்கிக்கொண்டவர்கள் தயக்கத்தில் சொல்லவும் மாட்டார்கள். சொன்னாலும் பில் நம்மிடம், பொருள் அவர்களிடம். இந்த இடைவெளியில் யார் பொறுப்பேற்கிறார் என்பதைத்தான் பரிசு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது.

சில வருடங்களுக்கு முன்னால் நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு இணையத்தில் ஒரு விளக்கு வாங்கினேன். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். தெர்மாகோல் வைத்த பெட்டியில் பத்திரமாகத்தான் வந்தது. மூன்று வாரம் முன்னதாகவே வாங்கிவிட்டதால் பெட்டியைப் பிரிக்காமல், பரிசுத் தாள் சுற்றி அப்படியே கொடுத்தோம். விசேஷத்தன்று அங்கேயே பிரித்துப் பூட்டி ஏற்றினார்கள். அகல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஊற்றிய எண்ணெய் எல்லாம் ஒரே முகத்துக்கு ஓடி, அங்கிருந்து சொட்டுச் சொட்டாகக் கோலத்தில் விழுந்தது. நிமிர்த்தலாம் என்று திருகினால் மரை பிடிக்கவில்லை, சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. நண்பரின் அம்மா எதுவும் சொல்லாமல் அந்தப் பக்கம் அடியில் ஒரு வாழை இலைத் துண்டை மடித்து வைத்தார். திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாள்தான், அது முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த விளக்கு இப்போது அவர்கள் வீட்டில் பரண்மேல் இருக்கிறது.

இன்னொரு விஷயத்தை அவர் மனைவி பின்னால் என் வீட்டுக்காரியிடம் சொன்னார். புளி போட்டுத் தேய்த்ததும் விளக்கு திட்டுத் திட்டாகக் கறுத்துவிட்டதாம். பெட்டியில் பளபளவென்று இருப்பதற்காக மேலே ஒரு பூச்சு கொடுத்திருக்கிறார்கள். புளியும் சுடரின் சூடும் பட்டால் அது உரிந்துவிடும். உரிந்த இடம் ஒரு நிறம், உரியாத இடம் இன்னொரு நிறம். வெள்ளிக்கிழமை தோறும் தேய்த்துக் கழுவி ஏற்றுகிற வீட்டுக்குப் பூச்சில்லாத பித்தளைதான் சரி. இணையத்தில் நான் வாங்கியது மொத்தம் இரண்டே முறை, இரண்டாவதில் குறையில்லை. ஆகவே எல்லாமே இப்படித்தான் என்று நான் சொல்ல முடியாது.

அப்புறம் நாச்சியார்கோயில். கும்பகோணத்திலிருந்து பத்து கிலோமீட்டர் போல, திருவாரூர் போகும் சாலையில். கல்கருடனைச் சேவிக்க வருபவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கும். காவிரிப் படுகையின் வண்டல் மண்ணில் அச்சு எடுத்துத்தான் இங்கே விளக்கு வார்க்கிறார்கள். பீடம், தண்டு, அகல், உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைசல் பிடித்து, அராவி, மெருகேற்றி, மரை வெட்டிப் பூட்டுவார்கள். இந்த விளக்குக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

நான் போன கடை முன்பக்கம் பத்தடி அகலம் இருந்தால் அதிகம். பின்பக்கம் பட்டறை. பத்தருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும், கடையைப் பார்த்துக்கொள்வது அவர் மருமகள். ஆனியில் போய் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் நிதானமாகச் செய்து தருகிறேன் என்றார். ஆடிப்பெருக்கன்று போய் எடுத்துக்கொண்டேன்.

அன்று அவர் செய்ததைப் பார்த்த பிறகுதான் வந்தது வீண் போகவில்லை என்று தோன்றியது. இரண்டு விளக்கையும் பூட்டி சிமென்ட் தரையில் நிறுத்தினார். ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அகலில் மெதுவாக ஊற்றினார். முதல் விளக்கில் ஐந்து முகத்துக்கும் தண்ணீர் ஒன்றாக ஏறியது. இரண்டாவதில் நான்கு முகம் நனைந்த பிறகும் ஒன்று காய்ந்தே இருந்தது, கண்ணுக்குச் சாய்வே தெரியவில்லை.

"அஞ்சு முகத்துக்கும் தண்ணி ஒண்ணா வரணும் தம்பி. இல்லன்னா எண்ணெய் ஒரே பக்கமா ஒழுகும், பொண்ணு தினமும் தரையைத் துடைச்சிக்கிட்டுக் கிடக்கணும்."

தண்ணீரைக் கொட்டிவிட்டு அகலைக் கழற்றினார். அது தண்டில் உட்காரும் விளிம்பில் அரத்தால் நாலைந்து இழுப்பு. மறுபடி பூட்டினார், ஊற்றினார், மறுபடி கழற்றினார். மூன்றாவது தடவை ஐந்து முகமும் சேர்ந்து நனைந்தது. பிறகு உளியை எடுத்து முதல் விளக்கின் பாகங்கள் ஒவ்வொன்றிலும் மரைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, இரண்டாவதில் இரண்டு புள்ளி வைத்தார். கழற்றித் தேய்க்கும்போது இந்த விளக்கின் தண்டு அந்த விளக்குக்கு மாறிவிடும், மாறினால் மரை சரியாக உட்காராது, பலமாகத் திருகினால் தேய்ந்துபோகும் என்றார். எங்கள் வீட்டில் இருக்கும் ஜோடி விளக்கு ஏன் எப்போதும் ஆடுகிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. முப்பது வருடமாக மாற்றி மாற்றிப் பூட்டியிருக்கிறோம்.

பெயர் வெட்டிக்கொடுத்தது மருமகள். "அண்ணே, தாய்மாமன் பேரு போடணுமா, பொண்ணு மாப்பிள்ளை பேரா?" என்று கேட்டார். பீடத்தின் உட்பக்கம் பெண், மாப்பிள்ளை இருவரின் பெயரும் கல்யாணத் தேதியும் போடச் சொன்னேன். அதை ஒட்டிப் பத்தர் தன் பட்டறையின் எழுத்தைப் பொறித்தார். எனக்கு முக்கியமானது அந்த எழுத்துதான். பெண் ஓசூரில் குடியிருக்கப் போகிறாள். என்றைக்காவது அன்னம் தொலைந்தாலோ மரை தேய்ந்தாலோ, பில்லைத் தேடாமல், என்னைக் கேட்காமல், அவளே அந்தப் பட்டறைக்குப் பேசலாம். எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிப் பீடத்துக்குள் வைத்தே கட்டிக்கொடுத்தார்கள்.

இது வெறும் வாய்ப்பேச்சாக நின்றுவிடாது என்று நம்ப எனக்கு ஒரு காரணம் உண்டு. அம்மாவின் சீர் விளக்கில் ஒன்றுக்கு, வீடு மாறும்போது அன்னம் தொலைந்துபோனது. திருச்சியில் கேட்ட இரண்டு கடைகளிலும் தனியாக அன்னம் கிடைக்காது, பழைய பித்தளைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அவர்கள் செய்பவர்கள் இல்லை, வாங்கி விற்பவர்கள். அந்த ஒற்றை விளக்கையும் ஆனியில் கூடவே எடுத்துப் போயிருந்தேன். பத்தர் தண்டின் மரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஜோடியில் இருக்கும் மற்ற அன்னத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதை வைத்தே அச்சு எடுத்து வார்த்துக் கொடுத்தார். கூலியும் பித்தளையும் சேர்த்து 650 ரூபாய். புதிய அன்னம் கொஞ்சம் பளிச்சென்று தெரிகிறது, மற்றபடி எது பழையது எது புதியது என்று அம்மாவுக்கே சொல்லத் தெரியவில்லை.

பெரிய பாத்திரக் கடையை நான் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. நாலு நாளில் கல்யாணம் என்றால் அங்கேதான் போக வேண்டும். முறையான பில் உண்டு, பெயர் வெட்டித் தருவார்கள், அண்டா, குடம், தாம்பாளம் என்று மொத்தச் சீரையும் ஒரே இடத்தில் முடித்துக்கொள்ளலாம், பழைய பித்தளையை எடை போட்டுக் கழித்தும் கொள்வார்கள். அங்கே வாங்கினால் கடையிலேயே பூட்டிக் காட்டச் சொல்லி, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நான் கேட்ட கடையில் முகம் சுளிக்காமல் செய்து காட்டினார்கள். கையில் ஒரு சின்னக் காந்தமும் இருந்தால் நல்லது. பித்தளையில் காந்தம் ஒட்டாது. தண்டில் ஒட்டினால் உள்ளே இரும்புக் கம்பி இருக்கிறது என்று அர்த்தம், அந்த எடைக்கும் பித்தளை விலையைத்தான் கொடுக்கிறோம்.

பூம்புகார் 1973-இல் தொடங்கிய அரசு நிறுவனம். பேரம் பேசத் தெரியாதவர்களுக்கும், அலுவலகம் சார்பில் பரிசு வாங்கி ரசீது காட்ட வேண்டியவர்களுக்கும் அதுதான் நிம்மதி. பொருளும் கைவினைஞர்களிடமிருந்து வருவது. நான் பார்த்த அன்று எனக்கு வேண்டிய அளவில் ஜோடி இல்லாததால் அதற்குமேல் போகவில்லை. அங்கே வாங்கி, பின்னால் பழுது பார்த்த அனுபவம் எனக்கு இல்லை.

சின்னக் கடையின் குறைகளையும் சொல்ல வேண்டும். சொன்ன தேதிக்கு ஒரு வாரம் தள்ளித்தான் தயாரானது. நடுவில் இரண்டு தடவை நானே போன் செய்து நினைவூட்டினேன். கட்டிக்கொடுத்தது பழைய செய்தித்தாளும் சாக்கும்தான். கொடுக்கும்போது அழகாக இருக்க வேண்டும் என்றால் பெட்டிக்கு நாம்தான் அலைய வேண்டும். உத்தரவாதம் என்று தாளில் எதுவும் கிடையாது. அந்தப் பட்டறை இன்னும் இருபது வருடம் நடக்குமா என்று எனக்குத் தெரியாது, பத்தரின் மகன் தொழிலில் இருக்கிறார் என்பது மட்டும் ஒரு தெம்பு. வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கு அனுப்பி வைப்பார்களா, பார்சலில் தண்டு வளையாமல் போய்ச் சேருமா என்பதையெல்லாம் நான் செய்து பார்க்கவில்லை. அப்படி அனுப்ப வேண்டியவர்கள் வேறு யாரிடமாவது விசாரித்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கடை என்பதாலேயே அது செய்பவர் கடை ஆகிவிடாது. அந்தச் சாலையிலேயே வெளியூர்ச் சரக்கை வாங்கி விற்பவர்களும் இருக்கலாம். பித்தளைக்குப் பேர்போன மொராதாபாத் பொருள் நம் ஊர்க் கடைகளுக்கு நிறையவே வருகிறது. அதில் தப்பு ஒன்றுமில்லை, ஆனால் மரை தேய்ந்தால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. இதைக் கண்டுபிடிக்க நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அன்னம் மட்டும் தனியாச் செஞ்சு தருவீங்களா?" முதலில் நுழைந்த கடையில் இல்லை என்றார்கள். இரண்டாவது கடையில் பத்தர், "எந்த விளக்குக்கு, கொண்டாந்திருக்கீங்களா?" என்று கையை நீட்டினார்.

அக்கா மகளிடம் கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லிக்கொடுத்தேன், மூன்றும் பத்தர் சொன்னவை. புள்ளி பார்த்துப் பூட்ட வேண்டும். பூட்டும்போது முதலில் பின்பக்கமாக அரைச்சுற்று சுற்றி, மரை உட்கார்ந்த பிறகு முன்பக்கம் திருக வேண்டும். கழுவிய பிறகு மரைக்குள் புளி தங்காமல் துணியால் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட வேண்டும், இல்லையென்றால் களிம்பு ஏறி இறுகிக்கொள்ளும். போன வெள்ளிக்கிழமை படம் அனுப்பியிருந்தாள். ஐந்து திரியும் ஒரே உயரத்தில் எரிகின்றன, கீழே தட்டு வைக்கவில்லை.