திருகோணமலைக் கப்பலைப் பார்க்கப் போகிறீர்களா? இடையில் நிற்பவரிடம் காசு கட்டாதீர்கள்

போன ஆகஸ்டில் எங்களுக்கு நடந்தது இது. நான்கு பேருக்கு 380 இங்கிலாந்துப் பவுண் போனது. காசை விட, அப்பா இரண்டு வருடமாகக் காத்திருந்த ஒரு நாள் வீணாய்ப் போனதுதான் இன்னும் மனதில் ஆறாமல் கிடக்கிறது. ஊரில் இருந்து வரும் அம்மா அப்பாவை இந்தக் கப்பலுக்குக் கூட்டிப் போக நினைத்திருப்பவர்கள் முதலில் இதை வாசியுங்கள்.

கப்பலின் பெயர் எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. நம்முடைய திருகோணமலையேதான். 1782இல் அந்தக் கரைக்கு அப்பால் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த கடற்சண்டையின் நினைவாக வைத்த பெயர். கட்டியது பம்பாயில். வாடியா குடும்பத்துத் தலைமைக் கப்பல் கட்டுநர் ஜம்செட்ஜி பொமான்ஜி வாடியாவின் மேற்பார்வையில் மலபார்த் தேக்கில் கட்டி, 1817 அக்டோபர் 12 அன்று தண்ணீரில் இறக்கினார்கள். இப்போது இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ஹார்ட்டில்பூலில் உள்ள கடற்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இருநூறு வருடம் தாண்டியும் தண்ணீரிலேயே மிதக்கிறது. ஐரோப்பாவில் இன்றும் மிதக்கும் போர்க்கப்பல்களில் இதுதான் மிகப் பழையது.

அப்பா திருகோணமலையில் முப்பது வருடம் மரக்காலை வைத்திருந்தவர். எந்தப் பலகையையும் தட்டிப் பார்த்தே என்ன மரம் என்று சொல்லிவிடுவார். நான் தொலைபேசியில் இந்தக் கப்பலைப் பற்றிச் சொன்ன நாளில் இருந்து அவருக்கு இதே கதைதான். ஓக் மரத்தில் உள்ள அமிலம் இரும்பு ஆணியைத் தின்றுவிடும், தேக்கில் இருக்கும் எண்ணெய் அதைக் காப்பாற்றும், அதனால்தான் வெள்ளைக்காரன் பம்பாய்க்கு ஓடினான் என்று பேத்திக்குப் பாடமே எடுத்தார். விசா கிடைத்து வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, “கப்பலுக்கு எப்ப போறம் மகன்?”

நான் செய்த பிழை இங்கேதான். அருங்காட்சியகத்தின் தளத்துக்குப் போய் டிக்கெட் எடுத்திருக்க வேண்டியது. அதை விட்டுவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு விளம்பரத்தை நம்பினேன். லண்டனில் இருந்து ஒரு நாள் பயணம், தலைக்கு 95 பவுண். பஸ், நுழைவுச்சீட்டு, மதியச் சாப்பாடு, தமிழில் விளக்க ஒரு வழிகாட்டி, வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலி, எல்லாம் அதற்குள் அடக்கம் என்று போட்டிருந்தது. படத்தில் எல்லாப் பாயும் விரித்து நடுக்கடலில் ஓடும் ஒரு கப்பல். அது வேறு ஏதோ கப்பல் என்று பிறகுதான் விளங்கியது. இந்தக் கப்பல் துறையில் கட்டி நிற்பது, கடலில் ஓடுவதில்லை.

தொலைபேசியில் கதைத்தவர் மிகவும் மரியாதையாகக் கதைத்தார். “ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ அண்ணை, வந்து பஸ்ஸில ஏறினாச் சரி” என்றார். காசு வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்ப வேண்டும் என்றார். அனுப்பினேன். ரசீது கேட்டபோது ‘கிடைத்தது, நன்றி’ என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்.

காலை 6 மணிக்கு வெளிக்கிடும் என்ற பஸ் 7.25க்கு வந்தது. அப்புறம் நான்கு இடத்தில் ஆள் ஏற்றினார்கள். லெஸ்டரில் ஒரு துணிக்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ‘சும்மா பார்த்துவிட்டு வாருங்கள்’ என்றார்கள். அப்பா பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. மதியச் சாப்பாடு என்பது நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ஆளுக்கு ஒரு சாண்ட்விச். அதற்கு இன்னொரு முக்கால் மணி.

ஹார்ட்டில்பூலுக்குப் போய்ச் சேரும்போது அருங்காட்சியகம் மூட ஒரு மணி நேரம்தான் மிச்சம். வாசலில் இன்னொரு இடி. எங்கள் பெயரில் டிக்கெட்டே எடுக்கப்பட்டிருக்கவில்லை. பஸ்ஸோடு வந்த பையன் முதலில் ‘கணினியில் பிழை’ என்றான். பிறகு ‘நீங்கள் இப்போது கட்டுங்கள், திங்கட்கிழமை திருப்பித் தருகிறோம்’ என்றான். இருபத்தைந்து பேர் வரிசையில் நின்று மறுபடி காசு கட்டினோம். சக்கர நாற்காலிக்கு யாரும் சொல்லியிருக்கவும் இல்லை. கவுண்டரில் இருந்தவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். அவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த இடம் பழைய காலத் துறைமுகத்தெரு போல அமைக்கப்பட்டிருக்கிறது. துறையைச் சுற்றிக் கடைகள், வீடுகள், நடுவில் கப்பல். அதை மட்டும் நின்று பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும். நாங்கள் ஓடினோம். கப்பலின் முகப்பில் தலைப்பாகை கட்டிய ஆளின் உருவம் இருக்கிறது. அப்பா அதன் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தமிழில் விளக்க வந்த வழிகாட்டி அதே பையன்தான். மேல்தளத்தில் எங்களைக் கூட்டி நிறுத்தி, இந்தக் கப்பல் திருகோணமலையில் கட்டப்பட்டது என்றான், ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் இதில் நின்றுதான் டிரஃபால்கரில் சண்டை பிடித்தார் என்றான். நெல்சன் இறந்தது 1805இல், விக்டரி என்ற கப்பலில். இந்தக் கப்பல் தண்ணீரைக் கண்டது அதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்து. என் மகளுக்கே அது பிடிபட்டது. “அண்ணா, 1817 எண்டுதானே அங்க எழுதியிருக்கு?” என்று கேட்டாள். அவன் கேட்காதது போல அடுத்த பக்கம் போய்விட்டான்.

உண்மைக் கதையே இவ்வளவு நன்றாக இருக்கும்போது பொய் எதற்கு? இந்தக் கப்பலுக்கான வரைபடங்களை 1812இல் ஜாவா என்ற கப்பலில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். வழியில் அமெரிக்கர்களின் கான்ஸ்டிடியூஷன் என்ற போர்க்கப்பல் அதை அடித்து வீழ்த்தியதில் வரைபடங்களும் போய்விட்டன. திரும்ப அனுப்ப வேண்டி வந்தது. கட்டி முடித்து இங்கிலாந்துக்கு வந்த கப்பலைப் பல வருடம் வேலை கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிறகு பசிபிக் வரை போனது, பயிற்சிக் கப்பலானது. 1897இல் உடைப்பதற்கு விற்றபோது, ஜார்ஜ் வீட்லி காப் என்பவர் வாங்கிக் காப்பாற்றி, ஃபூட்ராயன்ட் என்று வேறு பெயர் வைத்தார். 1987இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்து, பத்து வருடத்துக்கும் மேலாகத் திருத்தி, 2001இல் முடித்தார்கள். பழைய பெயர் திரும்பி வந்ததும் அந்தக் காலத்தில்தான். இதையெல்லாம் அப்பாவுக்கு நான் பஸ்ஸில் திரும்பும்போது கைபேசியில் பார்த்து வாசித்துக் காட்டினேன். அந்தத் தளத்தில் நின்று கேட்டிருக்க வேண்டிய கதை.

பீரங்கித் தளத்தில் எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம் இருக்கும். தலைக்கு மேலே குறுக்காக ஓடும் ஒரு உத்தரத்தில் அப்பா உள்ளங்கையை வைத்தார். பெருவிரல் நகத்தால் மெல்ல அழுத்தி, விரல் நுனியை மோந்து பார்த்தார். பிறகு ஒரு கோட்டைத் தடவிக்கொண்டே போய், “இது தேக்குத்தான். ஆனா இந்த ஒட்டுக்கு அங்கால பிறகு போட்ட மரம்” என்றார். வழிகாட்டிப் பையனைக் கூப்பிட்டு, “தம்பி, இதில எவ்வளவு பழைய மரம், எவ்வளவு மாத்தினது?” என்று கேட்டார்.

“எல்லாம் பழசுதான் ஐயா. கெதியா வாங்கோ, பஸ் வெளிக்கிடப் போகுது.”

கீழ்த்தளங்களைப் பார்க்காமலே இறங்கினோம்.

திங்கட்கிழமை காசு வரவில்லை. இரண்டு வாரம் ‘நாளைக்கு’ என்றார்கள். பிறகு என் இலக்கத்தையே தடுத்துவிட்டார்கள். வங்கியில் முறையிட்டேன். ஏமாற்றிக் காசு அனுப்ப வைத்தால் வங்கி திருப்பித் தர வேண்டும் என்று 2024 அக்டோபரில் இருந்து இங்கே விதி இருக்கிறது. ஆனால் பஸ் வந்தது, பயணமும் நடந்தது, அதனால் இது மோசடி இல்லை, சேவை சரியில்லை என்ற தனிப்பட்ட தகராறு என்று சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 100 பவுணுக்கு மேற்பட்ட பொருளுக்கோ சேவைக்கோ சட்டப் பாதுகாப்பு உண்டு. அதிலும் கவனியுங்கள், மொத்தத் தொகையைப் பார்ப்பதில்லை, தனித்தனி விலையைத்தான் பார்ப்பார்கள். தலைக்கு 95 என்று விற்றால் அந்தப் பாதுகாப்பும் சிக்கலாகிவிடும். வேண்டுமென்றே அப்படி விலை வைத்தார்களா என்று எனக்குச் சந்தேகம். ஆனாலும் கார்டில் கட்டினால், வங்கி மூலம் காசைத் திரும்ப இழுக்கும் இன்னொரு வழியாவது இருக்கும். நேரடியாகக் கணக்குக்கு அனுப்பிய எனக்கு ஒன்றுமே இல்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் சேவையில் புகார் பதிந்திருக்கிறேன். ஏமாந்த மற்றவர்களும் பதியுங்கள், ஒருவர் சொல்வதை விடப் பத்துப் பேர் சொன்னால் அதற்குக் கனம் அதிகம்.

நீங்களாகவே போவது ஒன்றும் கஷ்டம் இல்லை. லண்டன் கிங்ஸ் கிராஸில் இருந்து சண்டர்லாந்து போகும் நேரடி ரயில் ஹார்ட்டில்பூலில் நிற்கும். நாளுக்குச் சில ரயில்கள்தான், அதனால் முன்கூட்டியே பதியுங்கள். நிலையத்தில் இருந்து அருங்காட்சியகம் நடக்கும் தூரம், முடியாதவர்களுக்கு டாக்சி. டிக்கெட்டை அருங்காட்சியகத்திடமே வாங்குங்கள். திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், போகும் கிழமைக்கு உரியதைப் பாருங்கள். பெரியவர்களோடு போகிறீர்கள் என்றால் முதல் நாளே தொலைபேசியில் கேளுங்கள்: எந்தத் தளம் வரை ஏறி இறங்க முடியும், சக்கர நாற்காலி கிடைக்குமா, ஏதாவது பகுதி மூடியிருக்கிறதா. பழைய கப்பல்களில் படிகள் செங்குத்து, கூரை தாழ்வு. யாராவது உங்களுக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னால் பதிவு இலக்கத்தை வாங்கி, அருங்காட்சியகத்திடமே சரிபாருங்கள். எனக்கு இரண்டு நிமிட வேலையாக இருந்திருக்கும்.

விளம்பரப் படங்களையும் நம்ப வேண்டாம். போர்ட்ஸ்மத்தில் உள்ள விக்டரிக்கு 2022இல் தொடங்கிய பெரிய பழுதுபார்ப்பு பல வருட வேலை, சாரம் கட்டித்தான் செய்கிறார்கள். கம்பீரமாகப் பாய்மரம் எழும்பி நிற்கும் பழைய படத்தைக் காட்டி அங்கேயும் பயணம் விற்பார்கள். இன்று கப்பல் என்ன நிலையில் இருக்கிறது என்று அருங்காட்சியகத் தளத்திலேயே பார்த்துவிடுங்கள்.

எங்களைக் கூட்டிப்போனவர்கள் அதே நடுக்கடல் கப்பல் படத்தோடு அடுத்த கோடைக்கும் விளம்பரம் போடத் தொடங்கிவிட்டார்கள். ‘தமிழ் வழிகாட்டியுடன் திருகோணமலைக் கப்பல், தலைக்கு 95’ என்று உங்கள் குழுவில் வந்தால் இந்தப் பதிவை அதற்குக் கீழே போடுங்கள்.

அப்பா செப்டம்பரில் ஊருக்குத் திரும்பிவிட்டார். அடுத்த வருடம் திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறார். காலை முதல் ரயிலில் போய், அன்று இரவு ஹார்ட்டில்பூலிலேயே தங்குவதாகத் திட்டம். போன கிழமை தொலைபேசியில், நல்ல வெளிச்சமான டோர்ச் ஒன்று வாங்கி வைக்கச் சொன்னார். கீழ்த்தளத்து ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டுமாம்.