மூன்று பந்து ஸ்பைரோமீட்டர்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

மதுரை பெரியாஸ்பத்திரியைச் சுற்றியுள்ள மருந்துக்கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், மூச்சை உள்ளிழுத்து மூன்று குழாய்களில் உள்ள பந்துகளை ஏற்றிப் பழகும் இந்தக் கருவியை, கொரோனாவோ கடும் ஃப்ளூவோ நிமோனியாவாக மாறி மீண்டவர்கள் பலர் வாங்குகிறார்கள். வாங்கலாம். ஆனால் பெரும்பாலோர் தப்பாகத்தான் பயன்படுத்துகிறார்கள்.

குழாய்களில் உள்ள 600, 900, 1200 என்ற எண்கள் நுரையீரலின் கொள்ளளவைக் காட்டுபவை அல்ல. ஒரு நொடிக்கு எத்தனை மில்லி காற்று இழுக்கிறோம் என்ற வேகம் மட்டுமே. நுரையீரல் சுருங்கியவர்கூட வெடுக்கென்று இழுத்தால் மூன்று பந்தும் ஏறிவிடும், பலன் ஏதும் இராது. முதல் பந்து மெதுவாக ஏறி, மேலேயே நிற்க வேண்டும். அதுதான் அடிப்பகுதியில் மூடிக் கிடக்கும் காற்றறைகளைத் திறக்கும்.

நிமிர்ந்து உட்கார்ந்து, கருவியைச் சாய்க்காமல் பிடியுங்கள். சாய்ந்தால் பந்து சுலபமாக ஏறி ஏமாற்றும். மூச்சை வெளியே விட்டுவிட்டு, வாய்ப்பகுதியை உதடுகளால் இறுக்கி மெல்ல இழுத்து, 3 நொடி அடக்கி, வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டு ஊதுங்கள். இடையிடையே ஓய்வு விட்டு 10 தடவை, நாளைக்குச் சில வேளை. தலை சுற்றினால், விரல் மரத்தால் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம்: கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. பந்து அசையவே இல்லையென்றால் முதலில் குழாய் இணைப்பைப் பாருங்கள், அங்கேதான் காற்று கசியும். வாய்ப்பகுதியைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்தால் போதும். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும். ஒருவர் கருவியை இன்னொருவர் வாயில் வைக்கவே கூடாது. இருமலில் ரத்தம் வந்தாலோ, நுரையீரல் உறையில் காற்று புகுந்திருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

காற்றறைச் சுவரில் விழுந்த தழும்பை இது கரைக்காது. தழும்பு இருந்தால் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போவது குறையும். சாதாரண ஊதும் பரிசோதனையில் அது தெரியாமலும் போகலாம். நோய் தணிந்து 3 மாதமாகியும் மாடிப்படியில் மூச்சு வாங்கினால் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் வாயு எவ்வளவு போகிறது என்று அளக்கும் டிஎல்சிஓ பரிசோதனையும், நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் எச்ஆர்சிடி ஸ்கேனும் தேவையா என்று நெஞ்சக மருத்துவரிடம் கேளுங்கள். பெரியாஸ்பத்திரி தவிர, மதுரையை அடுத்த தோப்பூரிலும் நெஞ்சக நோய்களுக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. பலருக்கு ஸ்கேனில் தெரியும் மாற்றங்கள் மாதக்கணக்கில் தானாகவே குறைவதும் உண்டு.

பணம் இருந்தால், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல் ஆக்சிமீட்டரையும் சேர்த்து வாங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போது ஒரு தடவை, 6 நிமிடம் நடந்த உடனே ஒரு தடவை பாருங்கள், நகப்பூச்சு இல்லாத விரலில். அளவு 4 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், பந்தை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.